ஆர்லீன் காரின் நான்காவது கியர்

ஆர்லீன் வோந்த்ராவை அடக்கம் செய்த மறுநாள் காலை அவளுடைய கார் உப்புத்தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டாம் வருடத்து செவ்ரோலே, கடல்பச்சை நிறம், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் சிவப்பு எண்ணெய் சொட்டத்தான் செய்யும். நெப்ராஸ்காவில் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை, அடியில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆர்லீனும் கல்யாணமான நாள் முதல் அட்டை போட்டுத்தான் வந்தாள். அன்று காலை அவள் கணவர் லாடி கராஜைத் திறந்தபோது அட்டை முழுக்க ஊறிக் கிடந்தது, ஆனால் சிவப்பாக இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. சரி என்று வேறு அட்டை எடுத்துப் போட்டார்.

பிளஸ்னா சின்ன ஊர், ஒரு சங்கதி கிடைத்தால் வருடக்கணக்கில் மெல்லும். முதல் வாரம் எல்லோரும் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதுதான் மேலே வருகிறது என்று தானியக் கிடங்குக்காரர் விளக்கம் சொன்னார். கடல் ஏன் ஒரு காரைத் தேடிப் பிடித்து வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஓடைப்பக்கத்து மான்கள் காலையில் வந்து கராஜ் வாசலை நக்கின. பக்கத்துப் பண்ணை மாடுகள் வாசனை பிடித்து வேலி மேல் சாய்ந்து சாய்ந்து அதைப் படுக்கவைத்துவிட்டன. காருக்கு அடியிலிருந்து சரிவு நெடுக புல் கருகிப்போனது. பனிக்காலம் வந்தது. ஊர் வாசல்களெல்லாம் கண்ணாடியாய் உறைந்து கிடக்க, லாடியின் வாசல் மட்டும் ஈரமாக, கால் வழுக்காமல் இருந்தது. அதன் பிறகு பேரூராட்சி ஆள் வாரம் ஒருமுறை ஒரு பீப்பாயோடு வந்து நிரப்பிக்கொண்டு போய், பனி உருகுவதற்காகச் சர்ச் படிகளில் தெளித்தார். அந்த வருடம் படியில் ஒரு கிழவி கூட விழவில்லை.

கார் இப்படி என்றால் லாடி எப்படி என்று கேட்டால், லாடி ஒழுகவில்லை. அடக்கத்தன்று சர்ச் கூடத்து வாசலில் நின்று வந்தவர்கள் கையையெல்லாம் குலுக்கினார், இரண்டு கொலாச்சி பன் சாப்பிட்டார், ஒன்று பாப்பி விதை வைத்தது, ஒன்று ப்ரூன் வைத்தது, இரண்டும் நன்றாக இருந்ததாகச் சொன்னார். அழுகையை அடக்கினார் என்று சொல்ல முடியாது. அடக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. பழையபடி வேலை செய்தது அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும்தான். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து அது தானாக எழுந்து வணக்கம் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் அதைச் செய்யாதவனை மனிதனாக மதிப்பதில்லை. அதனால் லாடி நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது.

மகள் ஜனெல் அப்படி முடிவு செய்யவில்லை. கொலராடோவில், மலையடிவாரத்தில் ஃபோர்ட் காலின்ஸில் இருப்பவள். விருந்தாளிகள் போன பிறகு சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, ஒரு சொட்டு கூடவா வரல உங்களுக்கு?"

"வரலம்மா."

"அம்மாவ அந்தக் கார்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன வருஷமாச் சொன்னீங்க? ஓவர்டிரைவ் போட்டதும் போலாம், அறுவடை முடியட்டும், அறுவடை முடியட்டும். எத்தன அறுவடை முடிஞ்சுதுப்பா?"

லாடி தட்டை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"இனிமே எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா அந்தக் கார்லயே வாங்க. இல்லாட்டி வராதீங்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. இரண்டு கியர் வண்டியை நெடுஞ்சாலையில் அறுபது மைலைத் தாண்டி ஓட்டினால் இன்ஜின் போடும் கூச்சலில் மண்டை பிளந்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பேரும் மலை பார்க்கக் கிளம்புவார்கள். ஆர்லீன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மடியில் சாண்ட்விச் டப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். கார்னி ஊர் தாண்டியதும் அவர் தோளைத் தட்டி, "திருப்புங்க லாடி, நான் பேசறது எனக்கே கேக்கல" என்று கத்துவாள். திருப்பிவிடுவார்கள். இதற்கு வைத்தியம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, நான்கு கியர் கொண்ட பிற்கால ஆட்டோமேட்டிக்கை ஏற்ற வேண்டும். அதன் நான்காவது கியர்தான் ஓவர்டிரைவ். அதில் விழுந்ததும் சக்கரம் ஓடும், இன்ஜின் நடக்கும், காருக்குள் மூச்சு விடுவது கூடக் கேட்கும்.

இரண்டு வருடம் போனது. ஜனெல் போன் செய்வதெல்லாம் தாய்மாமன் எமிலுக்குத்தான். எமில் டிஹி ஆர்லீனின் அண்ணன், ஊர்க்கோடியில் கராஜ் வைத்திருப்பவர், மூன்று பேர் பேச வேண்டியதை ஒருவராகப் பேசுபவர். ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மாப்ளே, உம் பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கான். ஜூன்ல ஞானஸ்நானம். வர்றியா, இல்ல இப்படியே மரக்கட்டை மாதிரி நிக்கப்போறியா?"

"கார் போகாதே."

"போக வைப்போம். பழைய இரும்புக் கடையில ஒரு நாலு கியர் பெட்டி சொல்லி வச்சிருக்கேன்."

செய்தி பரவியதும் பேரூராட்சி ஆள் வந்து, ஏற்கெனவே ரோட்டு உப்புச் செலவைக் குறைத்துவிட்டோம், அடுத்த பனிக்காலம் முடியும் வரை பொறுக்க முடியாதா என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "உப்பு வேணும்னா கடையில வாங்குங்கய்யா, உங்களுக்கு என் தங்கச்சி காருதான் கெடச்சுதா?" என்று எமில் போட்ட சத்தத்தில் அவர் பீப்பாயை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

வேலை மே மாதம் முழுக்க நடந்தது. அந்த வருடத்துக் காரின் சட்டம் பெருக்கல் குறி போல நடுவில் ஒடுங்கியிருக்கும். புதுப் பெட்டியை அதற்குள் நுழைக்கத் தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டி மேடாக்கினார்கள், தாங்குவதற்குப் புதிதாக இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள், பின்சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கினார்கள். இறக்கிய பழைய கியர்பாக்ஸை எமில் மேஜையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பல்சக்கரங்கள் மேல் விரற்கடை கனத்துக்கு உப்பு படிந்திருந்தது. எமில் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுவுகிற திரவத்தின் நெடி என்று திட்டினார். லாடியும் அதே நெடியில்தான் நின்றார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து காருக்கு அடியில் போட்ட அட்டை காய்ந்தே இருந்தது. மான்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் எல்லாம் மாட்டியாயிற்று. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒரு கேபிளை அளவாக இழுத்து வைப்பது மட்டும்தான் பாக்கி. "நான் சாப்ட்டு வர்றவரைக்கும் வண்டிய அசைக்காத" என்று சொல்லிவிட்டு எமில் போனார். ஒரு கேபிள்தானே என்று லாடி அதை அளவு பார்க்காமல் கொக்கியில் மாட்டினார், கிளம்பினார். ஓவர்டிரைவ் போடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற, யாரும் ஒப்புக்கொள்ளாத தப்பு அது. கார்னி தாண்டியது. லெக்சிங்டன் நெருங்கும்போது வண்டிக்குள் கருகல் நாற்றம் வந்தது. இன்ஜின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை. எமில் இழுவை வண்டியோடு வந்து சேர மாலையாகிவிட்டது. வந்தவர் குனிந்து பார்த்தார், எண்ணெயை மோந்து பார்த்தார், திட்டக்கூட இல்லை.

"மாப்ளே, இன்ஜின் படுற பாட்டப் பெட்டிக்குச் சொல்றதே இந்தக் கேபிள்தான். இது தொளதொளன்னு கெடந்தா, பாரமே இல்லன்னு பெட்டி நெனச்சுக்கும். புடிச்சு இழுக்காது, வழுக்கிக்கிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள எரிஞ்சு கரியாப் போயிடும்."

லாடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி போனது. பிடிக்க ஸ்டியரிங் இல்லாமலே அவர் விரல் எழுந்து படுத்தது.

எமில் கடையிலிருந்து ஜனெலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, லாடியிடம் கொடுத்தார். "தெரியும்ப்பா," என்றாள் ஜனெல். "நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்." கோபமே இல்லாமல் சொன்னாள். லாடி தனக்கு வலிக்கிறதா என்று பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அன்று முதல்முறையாகப் பயந்தார்.

இரண்டாவது பெட்டியை அறுவடைக்கு முன்பே ஏற்றினார்கள். லாடியின் சோளம் அறுக்காமல் நின்றது, அவர் வயல் பக்கம் போகவில்லை. லாடி வோந்த்ரா அறுவடையைத் தள்ளிப்போட்டதை ஊர் இதற்கு முன் கண்டதில்லை. இந்த முறை எமில் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டார். லாடி கேபிளை இழுத்தார். "இன்னும்," என்றார் எமில். இழுத்தார். "இன்னும் இழு மாப்ளே, அதுக்கு உறைக்கணும்." கேபிளின் பூட்டு டக்கென்று விழுந்தது. எமில் இறங்கி வந்து கேபிளைச் சுண்டிப் பார்த்தார், தலையாட்டினார்.

கார்னி வந்தது, போனது. லெக்சிங்டன் போனது. அதற்கு மேல் அந்தக் கார் பார்த்தறியாத சாலை. நார்த் பிளாட் தாண்டியதும் சாலை சும்மா கிடந்தது, அதுவரை மெதுவாகவே வந்த லாடி எழுபதுக்குப் போனார். நான்காவது கியர் விழுந்தது. இன்ஜின் சத்தம், அறைக்கதவைச் சாத்தியதுபோல, அப்படியே அடங்கிவிட்டது. பக்கத்து சீட் ஸ்பிரிங் கிறீச்சிடுவது கேட்டது. டேஷ்போர்டு அறைக்குள் அவளுடைய பஞ்சுச் சுருள் டப்பா உருளுவது கேட்டது.

"ஆர்லீன்," என்றார் லாடி. "இப்ப பேசு. இப்ப கேக்கும்."

யாரும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சாலை மங்கியது. மழை என்று வைப்பரைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் தேய்ந்து கத்தியது. வானத்தில் மேகம் இல்லை. சட்டை நனைந்துகொண்டிருந்தது. ஐயோ, அவள் இல்லை, இனி எத்தனை கியர் போட்டாலும் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினார். கொலராடோ எல்லை தாண்டிச் சில மணி நேரத்தில், கண்ணைத் துடைக்கத் துடைக்க, மேற்கே மலை தெரிந்தது. பக்கத்து சீட் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

ஜனெல் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அம்மாவின் பழக்கம், அவள் கையில் மடித்த அட்டை இருந்தது. காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சிமெண்ட் காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தாள். அப்பாவின் முகவாயிலிருந்து சொட்டிச் சொட்டிக் காலடியில் குளம் கட்டியிருந்தது. அவள் அட்டையை விரித்து அவர் காலடியில் போட்டாள். பிறகு பையனை அவர் கையில் கொடுத்தாள். பையன் தாத்தாவின் கன்னத்தை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கரிக்குதாடா?" என்றாள் ஜனெல், அழுதுகொண்டே.

அதற்குப் பிறகு லாடி வருடத்துக்கு நான்கு முறை போய் வருகிறார். கார் ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. லாடி ஒழுகுகிறார், காலையில் கொஞ்சம் அதிகம், மத்தியானத்துக்கு மேல் குறைந்துவிடும். டாக்டர் பார்த்துவிட்டு, வயதான வண்டிதானே என்றார். பேரூராட்சி உப்பை வெளியே வாங்குகிறது. காலை காப்பிக்கு லாடி ஊர்க் காப்பிக் கடைக்குள் வந்தால், கடைக்காரப் பெண் பேச்சை நிறுத்தாமலே ஜன்னலோர நாற்காலிக்கு அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு, காப்பியை ஊற்றுகிறாள். மான்கள் வெளியே காத்திருக்கின்றன.