பதினாறு நாள் தீட்டு

சீனித்தாய் மூன்றாவது குடத்தை ஊற்றினாள். வாசலில் மறைப்புக் கட்டி, அவள் மாமியார் செல்லத்தாயின் உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். துணிக்குக்கூடக் கூப்பன் கேட்கிற சண்டைக்காலம்; கோடிச்சேலைக்காக அவள் புருஷன் வீரபாகு தூத்துக்குடிக் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். மஞ்சள் தேய்க்கும்போது உப்பு தின்று வெடித்த அந்த உள்ளங்கை சீனித்தாயின் கையில் உரசியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் அவள் உப்பளத்து வேலைக்குப் போனாள். உப்பு நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அந்த உபகாரத்தைக் கங்காணி சங்கரபாண்டியன் தானே செய்துவந்தான். கூடையைப் பிடிக்கப் பெண்ணின் இரண்டு கையும் மேலே போய்விடும். அப்போது அவன் கை சும்மா இருக்காது. அது தனக்கும் நடந்த அன்று, வீடு திரும்பிய சீனித்தாய் மூலையில் உட்கார்ந்தாள். பேசவில்லை, சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப்பார்த்து, "நீ பல்லக் காட்டியிருப்ப" என்றார்கள்.

செல்லத்தாய் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வெந்நீர் வைத்தாள். யார், என்ன, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை.

"சொல்லணும்னு தோணும்போது சொல்லு தாயி. சொல்லாட்டாலும் சரிதான். ஓம்மேல ஒரு குத்தமும் இல்ல."

மூன்றாம் நாள் சீனித்தாய் சொன்னாள். நாலாம் நாள் செல்லத்தாயும் உப்பளத்துக்கு வந்து குவியலடியில் நின்றாள். "இனிமே கூடைய நாந்தான் தூக்கிவிடுவேன்" என்றாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும், கங்காணி எம்மாத்திரம்? சீனித்தாய்க்கோ அந்த வாய் கிடையாது.

பாடையைத் தூக்கும்போது கங்காணியும் வந்திருந்தான். ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போக மாலை போட்டிருந்ததால், சாவு வீட்டுத் தீட்டு ஒட்டிவிடும் என்று எதிர்ச்சுவரோரமே நின்றான். விரதம் அவன் வாயைக் கட்டவில்லை.

"ஏளா இசக்கி, நாளைலேருந்து நானே தூக்கிவிடுதேன், கேட்டியா?"

ஆறு மாதமாய் வேலைக்கு வருகிற இசக்கியம்மாள் பதில் சொல்லவில்லை. சீனித்தாயின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த மௌனம் சீனித்தாய்க்குத் தெரிந்த மௌனம்தான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலைல நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கிளம்ப, வீரபாகு வழியில் நின்றான்.

"தீட்டு வீட்டுக்காரி பதினாறு நாளைக்கு வேலைக்குப் போவாளா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். அத்தை இருந்தா, இன்னும் ஏம்ளா நிக்கேன்னுதான் கேப்பாவ."

அவன் அம்மா படுத்திருந்த இடத்தில் எரிந்த விளக்கைப் பார்த்தான். பிறகு விலகினான்.

"தலைய முடிஞ்சிட்டுப் போ."

உப்பளத்தில் இசக்கியின் கூடைக்குக் கங்காணி குனிந்துகொண்டிருந்தான். சீனித்தாய் நேரே குவியலடிக்குப் போனாள்.

"தள்ளி நில்லும்."

"ஏய், தீட்டோட இங்கன எதுக்கு வந்த?"

"ஆமா, தீட்டுதான். மேல பட்டா ஓம்ம மாலையக் கழத்தணும்."

ஒரு அடி முன்னால் வைத்தாள். அவன் இரண்டு அடி பின்னால் போனான். சீனித்தாய் இசக்கியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப இவளுக்கும் தீட்டு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூத்தவள் ஒருத்தி ஓடிவந்து கையை நீட்டினாள். "எனக்கும் ஒட்டுளா!" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கூடையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் வந்தார்கள். தொட்டவளை இன்னொருத்தி தொட்டாள். சங்கரபாண்டியன் வரப்பில் பின்வாங்கிப் பின்வாங்கி, ஒரு காலைப் பாத்தித் தண்ணீரில் விட்டான்.

"பதினாறு நாள் கழியட்டும், பாத்துக்கிடுதேன்!"

"கழியட்டும்" என்றாள் சீனித்தாய். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அப்பமும் நாங்க பதினெட்டுப் பேரும் இங்கனதான் நிப்போம்."

அவன் காலை உதறிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தான். சீனித்தாய் கூடையைத் தூக்கி இசக்கியின் தலையில் வைத்தாள். இசக்கி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சீனித்தாய் அடுத்த கூடைக்குக் குனிந்தாள்.