எதிர்க்கடைக் குளிர்ப்பெட்டி

மண்கும்பான் பேருந்துத் தரிப்பிடத்தில் இரண்டு கடைகள் எதிரெதிராக உள்ளன. ஒன்று என்னுடையது, மற்றையது சிவக்கொழுந்தினுடையது. பதினான்கு ஆண்டுகளாக என் கடையிலேயே கூட்டம் அதிகம். சென்ற தையில் பெரிய குளிர்பானக் கம்பனி ஒன்று அவளுக்கு ஆளுயரக் குளிர்ப்பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றே: அதற்குள் பிறர் பொருள் இருக்கலாகாது.

உள்ளூரில் சோடா செய்யும் தம்பிஐயாவின் போத்தல்கள் வெயிலில் நின்றன. மூன்று மாதத்தில் அவர் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அதற்காக நான் வருந்தியிருக்க வேண்டும். நான் பார்த்ததோ அப்பெட்டியின் நீல விளக்கை மட்டுமே.

நயினாதீவுத் தேருக்குப் படகேற நடந்துபோகும் அடியார்களுக்காக, ஆண்டுதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்து என் வாசலில் மோர்ப்பந்தல் போடுவோம். மோர் குடித்தவர்கள் கற்பூரமும் பழமும் என்னிடமே வாங்குவார்கள். இம்முறை தேருக்கு மூன்று நாள் இருக்கையில், சிவக்கொழுந்து ஒரு குடம் மோரைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள்.

"இரஞ்சிதமக்கா, இந்த முறை குளிரக் குளிரக் குடுப்பம்."

"வையும், வையும்," என்றேன். கைபேசியில் படமும் எடுத்தேன். கம்பனி முகவர் பிரவீனனின் இலக்கம் பெட்டியிலேயே எழுதியிருந்தது.

மறுநாள் லொறி வந்தது. பெட்டி வீதியைக் கடந்து என் கடைக்குள் ஏறியது. பத்திரத்தின் மூன்று பக்கங்களையும் வாசித்தே ஒப்பமிட்டேன். கடை வாசலில் வேறு பானம் வழங்கலாகாது என்றும் அதில் இருந்தது. தர்மத்துக்குக் கொடுப்பதை எந்தக் கம்பனி கணக்கில் எடுக்கும் என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

மாலையில் பந்தற்கால் நட்டபோது பிரவீனன் திரும்பி வந்தான்.

"அன்ரி, பந்தல் இதில ஏலாது."

"இது விக்கிறதில்லை, தம்பி. தர்மம்."

"சும்மா குடுத்தா எங்கட போத்தலை ஆர் வாங்கிறது? வேணுமெண்டாச் சொல்லுங்கோ, பெட்டியை ஏத்திறன்."

நான் நட்ட காலைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

சிவக்கொழுந்து வந்து பந்தற்கால்களைத் தூக்கினாள்.

"என்ர வாசலில நடுறன் அக்கா. மோரை மட்டும் குளிர வைச்சுத் தாங்கோவன்."

"பெட்டிக்கை வேற ஒண்டும் வைக்கக் கூடாதாம்."

"ஓம், அது எனக்குத் தெரியும்தானே. படம் வடிவா விழுந்திருக்கு. பிரவீனன் காட்டினவன்."

தேரன்று காலை, அவள் மண்பானையில் ஈரத்துணி சுற்றி மோர் வார்த்தாள். அடியார்கள் அந்த நிழலில் இருந்தார்கள். கற்பூரமும் அவளிடமே வாங்கினார்கள். ஒரு பெண் மட்டும் என் பக்கம் வந்தாள். பெட்டியின் கண்ணாடியில் முகம் பார்த்து, பூவைச் சரிசெய்துகொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

என் பெட்டி நிறைந்திருந்தது. நீல விளக்கும் எரிந்தது. நான் அந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காயுமுன் அவள் அதை மீண்டும் நனைத்தாள்.