ஒரே கதவு உள்ள வீடு

ஹார்லன் பிக்கெட் ஏழு வருஷத்தில் முப்பத்தெட்டு கொலைகளைத் துப்புத் துலக்கியவர். ஒன்றுக்குக்கூட மூளையைச் செலவழித்ததில்லை. கொலைகாரன் பெயர் கடைசிப் பக்கத்தில் தட்டச்சாகி வரும். அவர் அந்த ஆளைப் பார்த்து விரலை நீட்டுவார். போலீஸ் வேடக்காரர் கைவிலங்கை மாட்டுவார். படம் ஆறே நாள். திங்கட்கிழமை செத்தவனுக்குச் சனிக்கிழமை மாலைக்குள் நியாயம் கிடைத்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் நிஜமாகச் செத்த எவனுக்கும் அந்த வேகத்தில் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

பெரிய ஸ்டூடியோக்களின் வெளிச்சம் எட்டாத ஹாலிவுட் சந்து ஒன்றில், பழைய கோழித்தீவனக் கிடங்குக்குள் இருந்தது பிரெக் பிக்சர்ஸ். முதலாளி ஓட்டிஸ் பிரெக் நெப்ராஸ்காவில் தீவனம் அரைத்துக்கொண்டிருந்தவர். படம் எடுப்பதற்காகத் தொழிலை மாற்றிக்கொண்டதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எதைக் கொட்டினாலும் அரைபடும், பசித்தது தின்னும் என்பது அவர் சித்தாந்தம். மழை பெய்தால் கிடங்குச் சுவர்களிலிருந்து மக்காச்சோள வாசனை எழும். அன்றைக்குப் பிரேதமாகப் படுத்திருப்பவருக்கு வயிறு இரையும்; ஒலிப்பதிவுக்காரர் அதை இடி என்று எழுதிக்கொள்வார்.

பிக்கெட்டின் வேடம் துப்பறியும் லியாண்டர் பிம். முதல் படத்தில் லண்டன் மூன்று நிமிஷம் வந்தது. அந்த மூன்று நிமிஷத்துக்காகத் தைத்த கம்பளிக் கோட்டை ஏழு ஆகஸ்ட் மாதங்களாக அவர் கழற்ற முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு பூட்டிய அறை இருக்கும். பிம் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, திரும்பி, “கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு” என்பார். அந்த வாக்கியம் அவரை விடவே இல்லை. முடி வெட்டும் இடத்தில் சொன்னார்கள். பல் பிடுங்கிய மருத்துவர், அவர் வாய் திறக்காதபோது சொன்னார். மாதாகோவிலில் பாவமன்னிப்புக் கேட்கப் போனால், சன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதிரியாரே சொன்னார்.

பிக்கெட்டின் ஒப்பந்தம் அந்த 1938 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவதாக இருந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு சான் பெட்ரோ துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கப்பல். அதில் ஒரு நாடகக் குழு போகிறது. குடித்துவிட்டுப் பாடும் மாமனார் வேடம் பிக்கெட்டுக்கு. அந்த நாடகத்தில் கதவு என்ற சொல்லே வராது என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சரி என்றிருந்தார்.

ஆனால் ஒப்பந்தத்தின் பதினாலாம் ஷரத்து வேறு விதமாகப் பேசியது. ஆறு மணி அடிக்கும்போது ஒரு படம் பாதியில் நின்றால், அதே நிபந்தனைகளில் இன்னும் ஏழு வருஷம் தானாக ஓடும். எப்போது படம் முடிந்ததாகக் கணக்கு? குற்றவாளிக்குக் கைவிலங்கு பூட்டும் காட்சி படமானதும். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு நடிகர், விலங்கு மாட்டுவதற்கு முந்திய நாள் மெக்சிகோவுக்கு ஓடிப்போனதால், பிரெக் தன் கையாலேயே சேர்த்த ஷரத்து அது.

பிரெக் கெட்டவர் இல்லை. பிம் படங்களைத் தவிர அவரிடம் ஓடுகிற சரக்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே முப்பத்தொன்பதாவது படத்தை அவர் மிகப் பொறுமையாகத் திட்டமிட்டார். நூலக அறையில் ஒரு கோடீஸ்வரர் செத்துக் கிடக்கிறார். அறை உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது. சந்தேகத்துக்கு நான்கு பேர். நான்கு பேரும் நாள்கூலி நடிகர்கள். செவ்வாய்க்கிழமை, மருமகன் கொலை நேரத்தில் குதிரைப் பந்தயத்தில் இருந்தான் என்று நிரூபிக்கும் காட்சியை எடுத்து, அவனை அனுப்பிவிட்டார். அவன் எதிர்ச்சாரியில் ஒரு கௌபாய் படத்துக்குப் போய் அன்று மத்தியானமே அம்பு பட்டுச் செத்தான். புதன்கிழமை விதவை நிரபராதியானாள். வியாழன் டாக்டர். வெள்ளிக்கிழமை சமையல்காரரும், விலங்கு மாட்டவேண்டிய போலீஸ் வேடக்காரரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை பிக்கெட் கடைசிப் பக்கத்தைக் கேட்டார்.

“எழுதுறவருக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு தம்பி,” என்றார் பிரெக். “யாரு கொன்னாங்கன்னு அவருக்கே இன்னும் பிடிபடல.”

“சந்தேகப்படுறதுக்கு ஆளே மிச்சமில்லையே முதலாளி. நான் யாரைப் பிடிக்கிறது?”

“நீதானப்பா துப்பறியறவன்.”

அன்றைய வேலையாகத் தாளில் ஒரே வரி இருந்தது: பிம் யோசிக்கிறார்.

சன்னலோரம் யோசித்தார். கணப்பருகே யோசித்தார். உட்கார்ந்தும் நின்றும் யோசித்தார். டைரக்டர் லூமிஸ், ஒரு தடவைக்கு மேல் எதையும் எடுக்காதவர், அன்றைக்கு அதே நாற்காலியைப் பதினோரு கோணத்தில் எடுத்தார். கிடங்கு தகித்தது. நூலகத்துப் புத்தகங்கள் துணியில் தீட்டியவை. சன்னலுக்கு வெளியே தெரிந்த தோட்டமும் துணிதான். எங்கே திரும்பினாலும் பார்வை ஒரு கஜத்தில் முட்டி நின்றது. கோட்டுக்குள் முதுகில் வேர்வை இறங்கியது. ஒவ்வொரு முறை அவர் கண்ணை மூடும்போதும், இன்னும் ஏழு ஆகஸ்ட் மாதங்கள் வரிசையாக நின்று, தள்ளிப் பாருங்கள், உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது என்றன.

கிடங்கின் பெரிய வாசல் வழியாக இறங்கிப் போய்விடலாமே என்று தோன்றத்தான் செய்தது. போனால், பாதியில் விட்டுப் போனவர் என்று வழக்குப் போடுவார்கள். அதற்குப் பிறகு நாடகக் குழு மட்டுமல்ல, குரங்காட்டிகூடச் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

மத்தியானம் ஆளுக்கொரு காகிதப் பெட்டியில் ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன. காட்சிக்குக் காட்சி யார் எந்தச் சட்டை போட்டிருந்தார், எந்தக் கையில் கோப்பை இருந்தது என்று குறித்து வைக்கும் வெர்னா ஸ்டப்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகத்துக்கு ரத்தச் சிவப்பில் சாயம் பூசுவாள். குறிப்பேட்டில் ஒரு கமா தவறவிட மாட்டாள்.

“என் வேலையும் ஒரு வேலையான்னு இருக்கு சார்,” என்றாள், முட்டையை உரித்தபடி. “கைப்பிடிக்குக் கீழ மீன் மாதிரி ஒரு கீறல். நூலகத்துக் கதவுல இருக்கு. சமையலறைக் கதவுலயும் இருக்கு. போன படத்துல கப்பல் அறைக் கதவுல இருந்துச்சு. ஏழு வருஷமா எழுதி எழுதிக் கொடுக்கறேன். கதவை எவன் பாக்கறான்னு முதலாளி சிரிக்கறாரு.”

அவள் சொன்னது வாஸ்தவம். பிரெக் பிக்சர்ஸிடம் இருந்தது ஒரே கதவு. நல்ல ஓக் மரம், இடிந்துபோன ஏதோ வங்கியிலிருந்து வந்தது. மற்றவை எல்லாம் தீட்டியவை. எந்த அறையில் ஆள் நுழைய வேண்டுமோ அந்த அறைக்கு, நார்வேக்காரத் தச்சர் ஹால்வர் அதை முதுகில் தூக்கிக்கொண்டு போவார். கீல்கள் எப்போதோ தேய்ந்துவிட்டதால், கேமரா ஓடும்போது அவரே பின்னால் நின்று கதவைப் பிடித்துக்கொள்வார். மீன் கீறல் அவர் இடுப்புச் சுத்தியல் போட்டது. ஏழு வருஷத்தில் அவர் கதவைத் தூக்காமல் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. அவருடைய ஒரு தோள் மற்றதைவிட நாலு விரல் தாழ்ந்திருந்தது.

பிக்கெட் முட்டையை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் உண்மையிலேயே யோசித்தார். பழக்கமில்லாததால் நெற்றி வலித்தது.

“வெர்னா, போலீஸ்காரரோட சட்டையும் கைவிலங்கும் எங்கேம்மா இருக்கு?”

“ஆணியில தொங்குது. எதுக்கு?”

“சும்மாதான் கேட்டேன். கேமரா பக்கத்துல வச்சிக்கோ. காத்துல விழுந்துடப் போகுது.”

கிடங்கில் காற்று கிடையாது. வெர்னா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். குறிப்பேட்டை மூடினாள்.

ஐந்தே முக்காலுக்குப் பிரெக் மலர்ந்த முகத்தோடு வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். கடைசிப் பிலிம் சுருள், பத்து நிமிஷம் ஓடும். பிம் கதவைப் பார்த்து யோசிக்கிறார், அவ்வளவுதான் காட்சி. ஹால்வர் பின்னால் போய் நின்று கதவைத் தாங்கிக்கொண்டார். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேமரா ஓடத் தொடங்கியது.

பிரெக் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது. கேமரா ஓடும்போது வாய் திறப்பவர் யாராக இருந்தாலும் அன்றோடு வேலை போகும், கீழே ஓ. பிரெக் என்று கையெழுத்து. போன வருஷம் தும்மியதற்காகத் தன் மச்சினனையே அனுப்பியவர். கட் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் லூமிஸ். சுருள் தீரும்வரை அவர் அதைச் சொல்வதில்லை.

பிக்கெட் கதவைத் தள்ளினார். திரும்பினார்.

“கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு,” என்றார். பிறகு தாளில் இல்லாததைப் பேசத் தொடங்கினார்.

இந்த வீட்டில் எட்டு அறைகள் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்றார். எட்டு அறைகள் உண்டு, ஆனால் கதவு ஒன்றுதான். குனிந்து, மீன் கீறலைக் கேமராவுக்குக் காட்டினார். இதே மீனைச் சமையலறையில் பார்த்தேன், மாடியில் பார்த்தேன், என் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொலைகாரன் பூட்டைத் திறக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. கதவையே கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வேலையை முடித்தான். வெளியே வந்து, பூட்டியது பூட்டியபடி மறுபடி நிறுத்திவிட்டான்.

பிரெக் தொப்பியை ஆட்டினார். கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். வாய் திறந்தது, கண் பலகைக்குப் போனது, வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. அவர் தொப்பியை மெல்ல மடியில் வைத்தார். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். யார் கொலைகாரன் என்று அவருக்கும்தானே தெரியாது.

“இவ்வளவு கனமான கதவைத் தூக்க, பழகின முதுகு வேணும்,” என்றார் பிக்கெட். “ஒரு தோள் இறங்கின முதுகு. அந்த ஆள் எங்கயும் ஓடிப் போகல. நாம வந்த அன்னிலிருந்து இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கறான்.”

கதவை இழுத்தார்.

அங்கே ஹால்வர் நின்றிருந்தார், வாயில் நான்கு திருகாணிகளுடன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் கண் கூசிய அழகுக்கு எந்தக் கொலைகாரனும் ஈடாக மாட்டான்.

கைவிலங்குக்கு இன்னும் ஆளில்லை. பிக்கெட் விரலை நீட்டியபடி நின்றார். சுருள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேமரா ஓரத்திலிருந்து போலீஸ் சட்டைக் கை ஒன்று, கை மட்டும், படச் சட்டகத்துக்குள் வந்தது. விலங்கை மாட்டியது. நகத்தில் ரத்தச் சிவப்புச் சாயம்.

ஹால்வர் திருகாணிகளைத் துப்பினார்.

“ஆமாங்கய்யா, நான்தான்,” என்றார், பெரிய சுமை இறங்கியவர் மாதிரி. “எவ்வளவு நாளாச்சு, ஒருத்தரும் கேக்கல.”

பிடித்திருந்த கையை விட்டார். கதவு முன்பக்கமாகச் சாய்ந்து, கம்பளத்தின்மேல் தடால் என்று விழுந்தது. தூசி அடங்கும்போது சுருள் தீர்ந்தது. லூமிஸ் கட் சொன்னார். வெர்னா போலீஸ் சட்டையோடேயே குறிப்பேட்டைத் திறந்து, கைவிலங்கு பூட்டியது, ஐந்து ஐம்பத்தைந்து என்று எழுதி, பிரெக்கிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

பிரெக் தொடைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சு தம்பி,” என்றார். “இதை ஏழு வருஷமா எங்க வச்சிருந்த?”

பிக்கெட் கோட்டைக் கழற்றி காலையெல்லாம் படமெடுத்த அந்த நாற்காலிமேல் போட்டார். பழக்க தோஷத்தில் கதவு இருந்த இடத்துக்குப் போய், கையை நீட்டிக் கைப்பிடியைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஓட்டை வழியாக வெளியே போய், சிவப்பு ட்ராமைப் பிடித்துத் துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் ஏணியை எடுக்கவிருந்தார்கள்.

விலங்கின் சாவி வீட்டுக்குப் போன போலீஸ்காரர் பையில் இருந்ததால், ஹால்வர் திங்கட்கிழமைவரை எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அந்தக் கதவைத் தூக்க வேறு ஆள் கிடைக்காமல், பிரெக் அடுத்த நான்கு படங்களையும் பாலைவனத்தில் எடுத்தார்.

பிக்கெட்டுக்குக் கப்பலில் கிடைத்தது மிக மட்டமான அறை. கதவு கிடையாது, ஒரு திரைதான். கப்பல் சிப்பந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றான். பிக்கெட் அந்தத் திரையை நாலைந்து தடவை இழுத்து இழுத்து மூடித் திறந்து பார்த்தார். பிறகு அதையும் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, சிட்னி வரைக்கும் தூங்கினார்.

இதை நம்பாதவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம். சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். கொலைகாரனைப் பிடித்த அந்தப் போலீஸ்காரர் கரி அள்ளிவிட்டுக் கை கழுவாமல் வந்துவிட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கதவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.