படகுக்குப் போன கரண்ட்

காரமடைப் பக்கம் தன் தோட்டத்துக் குளத்தில் மில் முதலாளி பாலகோபால் ஒரு படகு வாங்கி விட்டிருந்தார். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அதில் உண்டு. கரையிலிருந்த மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து கரண்ட் கொடுத்தார். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பேட்டரி மீட்டர் ஒன்றையும் படகில் மாட்டினார். கரண்ட் நின்றால் அது உடனே அவருடைய செல்போனுக்குத் தகவல் அனுப்பும்.

ஞாயிற்றுக்கிழமை கோவையில் கல்யாணப் பந்தியில் இருந்தபோது, 'கரண்ட் இல்லை' என்று தகவல் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து மின்வாரியத்துக்குப் போன் போட்டார்.

"லைன் நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் லைன்மேன்.

"என்ர மீட்டர் பொய் சொல்லாதுங்க!"

வாக்குவாதம் நீண்டது. நடுவில், தோட்டத்தில் இருந்த மனைவி ராமாமணி திரும்பத் திரும்ப அழைத்தார். பாலகோபால் கட் பண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் எரிச்சலோடு எடுத்தார்.

"கரண்ட் போனது எனக்குத் தெரியும் அம்மணி!"

"கரண்ட் கெடக்குதுங்க! கயிறு அவுந்து படகு நடுக்குளத்துக்கு வந்துபோட்டுது. ஒயரும் புடுங்கிக்கிச்சு. உள்ள நான் இருக்கறனுங்க!"

பாலகோபால் உடனே தோட்டத்து வேலையாள் சென்னியப்பனைப் போனில் அழைத்தார். அவர் நீந்திப் போய்ப் படகைக் கரைக்கு இழுத்து வந்தார்.

காரில் பறந்து வந்த பாலகோபால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத அம்மணி. படகு நவுந்தாச் சொல்ற மெசினுக்கு வர்ற வழியிலயே ஆர்டர் போட்டுட்டேன்."

ராமாமணி கையை உதறிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.