எல்மீர் வெர்டன் வீட்டில் தங்கிவிட்ட காற்று

புயல் லூசியானாவைக் கடந்து வடக்கே போய் ஓய்ந்த பிறகும் அதன் காற்றில் ஒரு பங்கு எல்மீர் வெர்டனின் வீட்டைவிட்டுப் போகவில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது, ஆறு வருடம் அங்கேயே இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் எல்மீர், ஓட்டைக்கு நீலத் தார்ப்பாய் கட்டி, படங்களை நாலு மூலையிலும் சுவரோடு ஆணியடித்து, இறால் குழம்பைத் தட்டை மூடிக்கொண்டே சாப்பிடப் பழகினாள். முன்னறையில் துணி பத்து நிமிடத்தில் காய்ந்தது.

காப்பீட்டு விண்ணப்பத்தில் அவள் செய்த பிழை ஒன்றுதான். அடுக்களையில் முழங்கால் தண்ணீர் என்று எழுதினாள். கூரை பறந்த வழியாக இறங்கிய மழை அது என்று எழுதவில்லை. புயல் பழகிப்போன அந்தக் கழிமுக ஊரில் அதையெல்லாமா எழுதுவார்கள்? நிறுவனம் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காற்றுக்குத்தான் காப்பீடு, வெள்ளத்துக்கு இல்லை என்று கைவிரித்தது.

எல்மீர் வழக்குப் போட்டாள். மாவட்ட நீதிபதி வீட்டைப் பார்க்க நேரில் வந்தார். வாசலிலேயே உள்ளிருந்த காற்று அவர் தொப்பியைப் பறித்துக்கொண்டது. அதையும் பதிவு செய்து, வீட்டைக் கட்ட நிறுவனம் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அது முடியும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்கும் உத்தரவையும் வாங்கிவிட்டது. சேதம் வெள்ளத்தால்தான் என்று கையெழுத்திட்டால் உடனே பாதித் தொகை என்று ஆசையும் காட்டியது.

"போட்டுத் தொலையேன் எல்மீர், பாதியிலயும் கூரை போடலாம்ல," என்றார் பக்கத்து வீட்டு ஆல்சீட்.

"காத்து பிச்ச கூரைய தண்ணி பிச்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டு, அதுக்கடியில எப்படிய்யா தூங்குவேன்?"

காற்றுக்கும் பொறுமை போய்விட்டது. தார்ப்பாயை இழுத்து இழுத்துப் பார்த்தது. காற்று வெளியே போய்விட்டால் சாட்சியும் போச்சு, வழக்கும் போச்சு. எல்மீர் கூடத்தின் நடுவில் நின்று உத்தரவை அதற்கு முழுசாக வாசித்துக் காட்டினாள். "எனக்கு நிறுத்தி வச்சா உனக்கும்தான். அப்பீல் முடியாம ஒரு அடி நகரக் கூடாது." காற்று முணுமுணுத்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தது.

இரண்டு வருட வாய்தாக்களுக்குப் பிறகு விசாரணை வந்தது. எல்மீர் பேருந்தின் பின்கதவைத் திறந்தாள், காற்று ஏறிக்கொண்டது. அது நீதிமன்றத்துக்குள் நுழைந்ததுமே, மேல்முறையீட்டில் புதிய சாட்சி கூடாது என்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார்.

குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். "புதுசு இல்லீங்க. கீழ்க் கோர்ட்லயே பதிவாகியிருக்கு."

பிறகு வழக்கு எண்ணைக் கூப்பிட்டார். மூன்று நீதிபதிகளும் தங்கள் காகிதங்களை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.