குறியை முன்னால் தள்ளினேன்

என் கணவர் ஏவிய ஏவுகணை, எதிரி விமானம் அதை ஏமாற்ற உதறிவிட்ட தீப்பந்தின் பின்னால் ஏமாந்த சோணகிரி போல ஓடிவிட்டது. சூட்டைக் கண்டால் போதும், அதற்கு வேறு புத்தி கிடையாது. எதிரி ஏவியதோ சரியாக வந்து அவர் விமானத்தின் வாலில் அடித்தது. இருக்கையோடு வெளியே பாய்ந்தார்; பாராசூட் விரியவில்லை.

குதிப்பதற்கு முன் கட்டுப்பாட்டு அறைக்கு அவர் பேசியதன் ஒலிப்பதிவை எனக்குக் கொடுத்தார்கள். "வால் போச்சு. குதிக்கிறேன். வீட்டுல சொல்லிடுங்க, சாப்பிட வர லேட்டாகும்." அந்த நேரத்திலும் நக்கல். தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

என் வேலை ஏவுகணையின் கண். நாங்கள் செய்த புதுக் கண்ணுக்குச் சூடு மட்டுமல்ல, உருவமும் தெரியும். இது விமானம், இது தீப்பந்து என்று பிரித்துப் பார்க்க அதற்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தோம். எத்தனை தீப்பந்தை உதறினாலும் "போடா" என்று விட்டுவிட்டு விமானத்தையே துரத்தும்.

கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. விமானத்தில் எந்த இடத்தைக் குறிவைப்பது? நடு உடம்பு என்றார்கள் எல்லோரும்; பெரிய இடம், தவறாது. விமானி உட்காரும் இடம் என்றேன் நான்.

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். "ஏம்மா, நடுவுல அடிச்சாலும் விழத்தானே போகுது, அப்புறம் எதுக்கு..." என்று இழுத்தார்.

"விமானம் விழும் சார். ஓட்டுறவன் குதிச்சுத் தப்பிச்சு, அடுத்த மாசம் இன்னொண்ணுல வந்து நிப்பான்."

நல்ல காரணம்தான். அதற்கு அடியில் கிடந்த காரணத்தை யாரும் கேட்கவில்லை. குறியை முன்னால் தள்ளினேன். சோதனையன்று ஆளில்லா விமானத்தின் முன்பக்கம் சுக்குநூறானதைத் திரையில் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுபடி சண்டை மூண்டது. எங்கள் ஏவுகணையை முதலில் ஏவியது வேறு யாருமில்லை, என் கொழுந்தன். அண்ணன் போன பிறகும் அடம்பிடித்து அதே படையில் ஓட்டுகிறவன். எதிரி விமானம் விழுந்த செய்தி வந்ததும் ஆய்வுக்கூடம் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். ஒழிந்தான் ஒருத்தன்.

மறுநாள் மதியம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். தட்டு நிறையச் சாப்பாடு போட்டேன். அவன் கை வைக்கவில்லை.

"நீங்க நெனச்சது அப்படியே நடந்துச்சு அண்ணி. அவன் தீப்பந்தாக் கொட்டினான். அது திரும்பிக்கூடப் பார்க்கல."

"குதிச்சானா?"

"எங்க குதிக்கிறது? அண்ணனுக்காவது நாலு வார்த்தை பேச நேரம் இருந்துச்சு. இவனுக்கு அதுகூட இல்ல."

"அதுக்குத்தான் செஞ்சேன்" என்றேன். பொய்யில்லை. அப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான். "அவன் வீட்டுலயும் யாராவது இருப்பாங்கல்ல அண்ணி?"

இருப்பாள். லேட்டாகும் என்ற ஒரு வார்த்தைகூட வந்து சேராத ஒருத்தி. என்னைப் போல அவளும் இந்த வேலை தெரிந்தவளாக இருந்தால், அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கமாட்டாள். அங்கேயும் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கும், வாக்கியத்தை முடிக்காத ஒரு தலைவர் இருப்பார். அவளும் குறியை முன்னால் தள்ளுவாள்.

"சாப்பிடுப்பா" என்றேன். தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். நாளைக் காலையிலும் அவன் பறக்கிறான்.