சிரித்த சீருடைக்கு ஒரு மன்றாட்டு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் என் கீழ்வீட்டில் இருக்கும் இராயப்பு அண்ணை, தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசிக்க இரண்டு வரி மன்றாட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். எழுத்தாளர் என்று பேர் வைத்துக்கொண்டால் இப்படியான வேலைகளும் வரும். எழுத உட்கார்ந்தேன். மன்றாட்டு வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. கையில் இருப்பது இந்தக் கோபம் மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: "1984 வைகாசியில் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டு இறங்கியபோது, குளிர்காற்று அவன்"

[விட்டுவிட்டேன். அகதிக் கதை என்றால் குளிர்காற்று வந்தே ஆகவேண்டுமா?]

நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாட்களில் கிழக்கு ஜெர்மன் அரசு எங்கள் ஆட்களைத் தன் வழியாகக் கடந்துபோக விட்டது. கிழக்கு பெர்லின் எல்லையில் இருந்த பிரீட்றிக்ஸ்ராச ரயில் நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டினால் மேற்கு பெர்லினுக்கு ரயில் ஏறலாம். அண்ணையும் அப்படித்தான் வந்தார். கூண்டுக்குள் இருந்த காவலன் முத்திரை குத்தி, சிரித்து, படிக்கட்டைக் கையால் காட்டினானாம்.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்தனான் பிள்ளை. அதுக்கு முன்னம் சீருடை போட்ட ஒருத்தனும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை," என்பார்.

வருசாவருசம் வைகாசியில் அதற்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுப்பார். பெயர் தெரியாத அந்தக் காவலனுக்கும் ஒரு மன்றாட்டு வாசிக்கப்படும். உதவி செய்தவனைக் கோயிலில் சொல்லாமல் விட்டால் எங்கள் சனத்துக்கு நித்திரை வராது.

3

மேல்வீட்டில் ஹைக்கே இருக்கிறார். கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, பெர்லின் மதில் விழுந்த பிறகு தம்பி ஊவேயோடு இங்கே வந்தவர். அண்ணையின் மனைவி கொறற்றி அக்காவை, அவர் சாகும்வரை, டயாலிசிஸுக்குத் தன் காரில் கூட்டிப்போனவர்.

போன வருசம் அண்ணை அவரை முதன்முறையாகப் பூசைக்கு அழைத்தார். விருந்தாளிக்கும் விளங்கட்டும் என்று அந்த ஒரு மன்றாட்டை மட்டும் ஜெர்மனிலும் வாசிப்பித்தார்.*

"என்னை அன்போடு வழியனுப்பிய கிழக்கு ஜெர்மன் எல்லைக் காவலருக்காக..."

ஹைக்கே எழும்பி வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணை கொண்டுபோய் வைக்கும் றோல்ஸ் பலகாரத் தட்டம் மேல்வீட்டு வாசலில் அப்படியே ஆறிக் கிடக்கிறது. படியில் கண்டால் அவர் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

* மரியாதை செய்யப்போய் இந்த ஆழத்துக்குக் குத்த எங்கள் ஆட்களால்தான் முடியும்.

4

காரணத்தை நான்தான் போய்க் கேட்டேன். ஊவேயும் அண்ணை வந்த அதே வருசம், அதே நிலையத்தில், யாருடையதோ மேற்கு ஜெர்மன் கடவுச்சீட்டோடு நின்றிருக்கிறான். பிடித்துச் சிறையில் போட்டார்கள். சொந்த நாட்டை விட்டுப் போக நினைத்தது குற்றம்.

முதல் வரைவில் அவனை மதிலடியில் சுட்டுக் கொன்றேன். அப்படிக் கொன்றால் கதைக்குக் கனம் வரும் என்று நினைப்பு. ஹைக்கேயிடம் சொல்லிக் காட்டினேன்.

"கொல்லாதே," என்றார். "அவன் உயிரோடுதான் வெளியே வந்தான். வீட்டுக்குள் பேசுவதற்கு முன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவான். யாராவது ஒட்டுக்கேட்பார்களாம். இங்கே வந்தும் திறந்தான். சாகும்வரை திறந்தான். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

5

[இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுக்க முடியாதவர்கள் ஆறுக்குப் போகலாம்.]

கிழக்கு ஜெர்மனிக்குப் பேர் தொழிலாளர் அரசு. அந்தத் தொழிலாளி வாசலைத் தாண்ட நினைத்தால் சிறை. தாண்டியே போனால் துப்பாக்கிச் சூடு. அதே வாசலில் எங்களுக்குச் சிரிப்பு. எங்களை விட்டது இரக்கத்தில் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். பக்கத்து வீட்டு வளவுக்குள் குப்பையைத் தள்ளுவது போல எங்களை மேற்குக்குள் தள்ளினார்கள், சொந்தப் பிள்ளைகளை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு.

இன்றைக்கும் எங்கள் கூட்டங்களில் ஒருவர் எழும்பி, "அவங்கள் எங்களுக்கு நல்லம்தானே செய்தவங்கள்" என்பார். எங்களுக்குச் செய்தால் போதுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தப் படிக்கட்டு இல்லாவிட்டால் அண்ணை இல்லை. அதே படியில் ஏறிய என் தமையன் இல்லை, அவர் கூப்பிட்டெடுத்த நானும் இல்லை. அந்த எரிச்சல் இதைவிடப் பெரிது.

6

முடிவு அ: காவலனை விட்டுவிடுவது. அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். 

"ஊவேயைச் சேத்து எழுதும் பிள்ளை. கட்டாயம் எழுதும். ஆனா மற்றவனை விட ஏலாது. நன்றி கெட்டவனாச் சாக எனக்கு விருப்பமில்லை."

முடிவு ஆ: இரண்டு பேரையும் சொல்வது. ஹைக்கேயிடம் கேட்டேன்.

"ஊவேயின் பெயருக்காக வருகிறேன். அந்தக் கூண்டில் இருந்தவனையும் சேர்த்துச் சொன்னால் திரும்பவும் எழும்பிப் போவேன். பிறகு என் கதவைத் தட்டவேண்டாம் என்று அவரிடம் சொல்."

முடிவு இ: இருவரும் கோயில் வாசலில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

[வெட்கமில்லாமல் இதையும் ஒரு பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன்.]

7

ஞாயிறு. (வெளியே இன்னும் வெள்ளிதான். கதைக்குள் ஞாயிறு.)

அண்ணை முன்வரிசை வாங்கில் கோட்டும் சூட்டுமாக இருக்கிறார். ஹைக்கே வந்திருக்கிறார். கதவோரம், கடைசி வாங்கு, மேற்கோட்டைக் கழற்றவில்லை. நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் முதல் வரியை இரண்டு மொழியிலும் வாசிக்கிறேன்: "சிறையிருந்து வந்தும் வாய்விட்டுப் பேச முடியாமல் போன ஊவேக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

சபை பதில் சொல்கிறது. ஹைக்கே குனிந்திருக்கிறார். அண்ணை அடுத்த வரிக்காகத் தலையை நிமிர்த்துகிறார். அதைக் கண்டு ஹைக்கே கைப்பையை எடுத்து மடியில் வைக்கிறார்.

என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் ஏறுங்கள்.

[                                        ]

என்ன சொன்னாலும் ஜெர்மனிலும் சொல்லுங்கள். அவருக்கும் விளங்கவேண்டும்.